ஐந்தாம் கட்டத்தில் ஒட்டிய சிவப்பு டேப்

என் பிள்ளைக்கு,

இதை உறையில் போட்டு நீ தங்கியிருக்கும் வைட்ஃபீல்டுக்கே அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். மேசை மேல் வைத்துவிட்டு, "லெட்டர் வந்துச்சும்மா, அப்புறமா படிக்கிறேன்" என்று போனில் சொல்வாய். அந்த அப்புறம் வருவதற்குள் உன் கல்யாணமே முடிந்துவிடும். அதனால்தான் நம் திருச்சபையின் மாத இதழில் எழுதுகிறேன். இதழின் ஆசிரியர் என்னிடம் கேட்டது வேறு. "பையனுக்குக் கல்யாணம் வருது, நாலு புத்திமதி எழுதிக் குடுங்க டீச்சர்" என்றார். புத்திமதிக்கு என்னிடம் என்றைக்குப் பஞ்சம் இருந்தது? ஆனால் பேனாவை எடுத்து உட்கார்ந்தால் அது வரவில்லை. பத்து வருடத்துக்கு முன்னால் நாலு பேர் நடுவில் உனக்கு ஒரு தப்புச் செய்தேன். மன்னிப்பையும் நாலு பேர் நடுவில் கேட்பதுதானே நியாயம்? அன்றைக்கு அந்த ஹாலில் சிரித்தவர்களில் பாதிப் பேர் இந்த இதழுக்குச் சந்தா கட்டுகிறவர்கள். நன்றாகப் படிக்கட்டும்.

போன மாதம் ஷாலினிக்குக் கல்யாணப் புடவை எடுக்க நானும் அவளும் கமர்ஷியல் ஸ்ட்ரீட் போனோம் அல்லவா, அங்கே ஆரம்பித்தது இது. உனக்கு வரப்போகிறவள் நல்ல பெண்தான், ஆனால் மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு கடைக்குள் சுற்றிச் சுற்றி வந்தாள். கடைசியில் கேட்டேவிட்டாள். "ஆன்ட்டி, கோச்சுக்காதீங்க. ரிசப்ஷன்ல ஒரே ஒரு பாட்டு கிதார்ல வாசிங்கன்னு இவர்கிட்ட ஒரு மாசமா கெஞ்சறேன். முடியவே முடியாதுங்கறார். நீங்க சொன்னா கேப்பார்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யாரு, இவனா? அவன் கிதாரைத் தொட்டே பத்து வருஷம் ஆச்சேம்மா" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "என்ன ஆன்ட்டி இப்படிச் சொல்றீங்க? ஆபீஸ் ஆனுவல் டேன்னா வருஷா வருஷம் அவர்தானே வாசிப்பார். அதைக் கேட்டுத்தானே நான்…" என்று சொல்லிப் பாதியில் வெட்கப்பட்டுக்கொண்டாள். சரி, அப்படியென்றால் ரிசப்ஷனில் மட்டும் என்ன கேடு என்று கேட்டேன். புடவையின் ஜரிகையைத் தடவிக்கொண்டே, "வீட்டு ஆளுங்க முன்னாடி கை வராதாம் ஆன்ட்டி" என்றாள். வீட்டு ஆளுங்க என்றால் யார்? நான்தான். உங்கப்பாவை இந்த வீட்டில் யார் ஆள் கணக்கில் சேர்த்தார்கள்?

ஆட்டோவில் காக்ஸ் டவுன் வந்து சேரும் வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்தது அந்தப் பெண்ணைப் பயமுறுத்தியிருக்க வேண்டும், பாவம். நீ வாசிப்பதை விட்டுவிட்டாய் என்றுதான் நான் நினைத்திருந்தேன். என் முன்னால் வாசிப்பதை மட்டும்தான் விட்டிருக்கிறாய். ஊர் உலகமெல்லாம் கேட்டிருக்கிறது. பெற்றவள் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் ஸ்டூலைப் போட்டு ஏறி, பரண் மேல் பழைய போர்வையில் சுற்றி வைத்திருந்த உன் கிதாரை இறக்கினேன்.

உனக்கு நினைவிருக்கிறதா, 1991. உனக்குப் பதின்மூன்று வயது. அப்பா பீன்யா ஃபாக்டரி போனஸில் வாங்கிக்கொடுத்த கிதார் அது. சனிக்கிழமை தோறும் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் ஹாலில் சாமுவேல் மாஸ்டர் ஏழெட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நான் மார்க்கெட் பக்கத்து மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திக்கொண்டிருந்தேன். காலையில் இரண்டு பேட்ச், சாயங்காலம் நாலிலிருந்து ஏழு வரை இரண்டு பேட்ச். என்னிடம் படித்தவர்கள் யாரும் பரீட்சையில் தோற்றதில்லை என்பது ஊருக்கே தெரியும். என் முறை அப்படி. இடது கை விரல்கள் ஏ எஸ் டி எஃப் மேல், வலது கை விரல்கள் அதற்கு நேர் எதிரே. அந்த இடத்தை விட்டுக் கை நகரக் கூடாது. எழுத்தைப் பார்க்காமல் இருக்கக் கையின் மேல் அட்டையைக் கவிழ்த்து வைப்பேன். முதல் பாடத்தைப் பத்து வரி பிழையில்லாமல் அடித்தால்தான் இரண்டாம் பாடத்தின் தாள் கைக்கு வரும். அழுதாலும் வராது, அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாலும் வராது. அந்தக் கறாரில்தான் ஃபாக்டரி மூடிக் கிடந்த மாதங்களிலும் நம் வீட்டில் அடுப்பு எரிந்தது. அதனால் உலகத்தில் விரலால் செய்கிற எந்தக் காரியத்துக்கும் அதுதான் முறை என்று எனக்கு ஓர் எண்ணம்.

முதல் பாடத்தை நீ வீட்டில் வாசித்துக் காட்டியபோது நான் அசந்துபோனேன். கழுத்தின் குறுக்கே வரிசையாகப் பதித்திருந்த ஃப்ரெட் கம்பிகளைக் காட்டி, "ரெண்டு கம்பிக்கு நடுவுல இருக்கறது ஒரு கட்டம்மா" என்று விளக்கினாய். ஆள்காட்டி விரலுக்கு முதல் கட்டம், நடுவிரலுக்கு இரண்டாவது, மோதிர விரலுக்கு மூன்றாவது, சுண்டு விரலுக்கு நாலாவது. கையை நகர்த்தாமலே டோ ரே மி ஃபா என்று ஏறி இறங்கினாய். அட, இது நம்ம ஏ எஸ் டி எஃப்தானே என்று எனக்கு ஒரே சந்தோஷம். அன்று முதல் தினமும் உன் எதிரே உட்கார்ந்துவிட்டேன். பிழையை எண்ணினேன். உன் விரல் மேல் என் பழைய அட்டையைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. நீ எப்போதுமே ஒன்றும் சொல்லாத பிள்ளை. அது நல்ல குணம் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

இரண்டு மாதம் கழித்து மாஸ்டர் இரண்டாம் தாளைக் கொடுத்தார். அதே டோ ரே மி, கழுத்து முழுக்க. ஒரே டோ இங்கேயும் இருக்கிறது, மேலே இன்னொரு தந்திக் கம்பியில் இன்னொரு கட்டத்திலும் இருக்கிறது, அதற்கும் மேலே வேறொரு கம்பியிலும் இருக்கிறது. எங்கிருந்து வேண்டுமானாலும் ஏறலாம், இறங்கலாம். நீ அதை முயற்சி செய்தபோது கை தடுமாறியது, சத்தம் கர்ண கடூரமாக வந்தது. முதல் பாடத்தில் உனக்கு இன்னும் இரண்டு பிழை வந்துகொண்டிருந்தது, நான்தான் எண்ணிக்கொண்டிருந்தேனே. மறு சனிக்கிழமை நேராக ஹாலுக்குப் போய் நின்றேன். "ஒரு எழுத்துக்கு எதுக்கு சார் நாலு கட்டை? ஒரு இடம் சுத்தமா வரட்டும், மத்தது அப்புறம் பார்த்துக்கலாம்" என்றேன். மாஸ்டர் பொறுமையாகத்தான் சொன்னார். "ஒவ்வொரு இடத்துலயும் அதுக்குன்னு ஒரு குரல் இருக்கு மேடம். அடுத்த சுரம் எங்க இருக்கோ, அதுக்குக் கிட்ட போய் நிக்கணும் இல்லையா? இது டைப்ரைட்டர் இல்ல மேடம்." பிள்ளைகள் முன்னால் சொன்னாரே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று உனக்குத் தெரியாதா? உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அன்றோடு உன் கிதார் வகுப்பு முடிந்தது.

இரண்டாம் தாளை இன்ஸ்டிட்யூட் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அப்பாவின் டூல் பாக்ஸிலிருந்து சிவப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்து, தந்திகளுக்கு அடியில் ஸ்கேலால் தள்ளி, ஐந்தாம் கட்டத்தில் ஒட்டினேன். "இதைத் தாண்டக் கூடாது. நாலு கட்டம் சுத்தமா வந்ததும் நானே பிய்ச்சு விடறேன்" என்றேன். நீ டேப்பைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், "சரிம்மா" என்றாய். தினமும் ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு முதல் வேலையாகக் கிதாரை எடுத்து டேப் கசங்கியிருக்கிறதா என்று பார்ப்பேன். ஒரு நாள்கூடக் கசங்கியதில்லை. அப்பாவிடம் காட்டிக் காட்டிப் பூரிப்பேன். "பார்த்தீங்களா, சொன்னா சொன்ன சொல் கேக்கற பையன்." உங்கப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து இருமுவார். அந்தக் காலத்தில் அவருக்குச் சாயங்காலமானால் இருமல் வரும், உனக்குத் தெரியுமே. பீன்யா தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது என்று பயந்து நாலு வருடம் தூதுவளை ரசம் வைத்துக் கொடுத்தேன்.

1995இல் அந்தத் தேர்வு வந்தது. எல்லாச் சபைகளிலிருந்தும் பிள்ளைகளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார்கள். ஒருவரைத் தேர்ந்தெடுத்துச் சென்னையில் ஒரு பெரிய மாஸ்டரிடம் ஒரு வருடம் தங்கிப் படிக்க அனுப்புவதாக ஏற்பாடு. நானும் அப்பாவும் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். நீ நாலு கட்டத்துக்குள் வாசித்தாய். பிழையே இல்லை. மணி மணியாக விழுந்தது. சென்னையிலிருந்து வந்திருந்தவர் தலையை ஆட்டிக்கொண்டு, "பிரமாதம் தம்பி. இதே ஸ்கேலை எட்டாவது ஃப்ரெட்ல இருந்து வாசி, அப்படியே மேல போ" என்றார். உன் கை மேலே ஓர் அங்குலம் நகர்ந்தது. அப்புறம் நின்றது. நீ என்னைப் பார்த்தாய்.

நான் அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டேன் தெரியுமா? என் பிள்ளை மாட்டிக்கொண்டான், அம்மாவைக் கூப்பிடுகிறான் என்று. விருட்டென்று எழுந்தேன். "சார், அவனுக்கு அதெல்லாம் தெரியாது சார். நாலு கட்டம்தான் அவன் படிச்சிருக்கான். தாண்டக் கூடாதுன்னு நான்தான் டேப் ஒட்டி வெச்சிருக்கேன், வேணும்னா பாருங்க" என்று கிதாரைக் கையால் காட்டினேன். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். கறுப்புக் கழுத்தின் நடுவே சிவப்பாகத் தெரிந்தது டேப். பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள், அப்புறம் ஹால் முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. உன்னிடமே திரும்பி, "அப்படியா தம்பி? தெரியாதா?" என்று கேட்டார். நீ என்னையே பார்த்துக்கொண்டு, "தெரியாது சார்" என்றாய். வேறு சபைப் பையன் ஒருவன் சென்னைக்குப் போனான். பஸ்ஸில் வரும்போது நான் சும்மா வந்தேனா? "எட்டாவது கட்டத்துல வாசிக்கச் சொல்றானாம், பெரிய மேதாவி" என்று அந்த மனிதரைத் திட்டிக்கொண்டே வந்தேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாய். மறுவாரம் கிதார் பரணுக்குப் போனது. அப்புறம் நீ இன்ஜினியரிங் படித்தாய், நல்ல வேலை கிடைத்தது, நல்ல பெண் கிடைத்தாள். பிள்ளை கெட்டா போய்விட்டான் என்று சொல்லிச் சொல்லித்தான் இத்தனை வருடம் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

சரி, பரணிலிருந்து இறக்கிய கதைக்கு வருகிறேன். அப்படி என்னதான் இருக்கிறது இதில், நாமே வாசித்துப் பார்ப்போமே என்று எனக்கு ஒரு வீம்பு. இன்ஸ்டிட்யூட் கம்ப்யூட்டர் சென்டர் ஆனபோது பழைய பீரோ வீட்டுக்கு வந்துவிட்டது, அதைக் குடைந்து மாஸ்டரின் இரண்டு தாள்களையும் எடுத்தேன். மேல்வீட்டுப் பையனிடம் கொடுத்துப் புதுக் கம்பி மாட்டி வாங்கினேன். ஐம்பத்தாறு வயதில் நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். விரல் நுனி எரிந்தது. முதல் மூன்று கட்டம் எப்படியோ சத்தம் வந்தது. நாலாவதில் சுண்டு விரலை வைத்தால் 'இர்ர்ர்' என்று ஓர் அதிர்வு. அழுத்திப் பார்த்தேன், மெதுவாக வைத்துப் பார்த்தேன், இர்ர்ர்தான். என் விரலில்தான் கோளாறு என்று நான் ஒப்புக்கொள்வேனா? கிதாரைத் தூக்கிக்கொண்டு சிவாஜிநகரில் கிதார் ரிப்பேர் பார்க்கும் நவாஸ் பாயிடம் போனேன்.

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, கிதாரை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துக் கழுத்தை மேலும் கீழும் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். "இதென்ன மேடம் தமாஷா இருக்கு? யார் வாசிச்சது இது?" என்றார். என் பையன் என்றேன். "வாசிக்க வாசிக்க ஃப்ரெட் கம்பி தேஞ்சு பள்ளம் விழும் மேடம். இங்க பாருங்க. ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் நல்லா தேஞ்சிருக்கு. ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் அதைவிட ஜாஸ்தி தேஞ்சிருக்கு. நடுவுல அஞ்சு மட்டும் புதுசா நிக்குது. அதான் நாலுல வெச்சா தந்தி அஞ்சு மேல இடிச்சு இர்ருங்குது." நான் உடனே சண்டைக்குப் போனேன். "இல்லவே இல்ல. எங்க பையன் நாலு கட்டத்தைத் தாண்டினதே கிடையாது. டேப்பைப் பாருங்க, கசங்கியிருக்கா?" அந்த மனிதர் சிரித்தார். "அதைத்தானே மேடம் நானும் சொல்றேன். டேப் கசங்கல. டேப்பு மேல விரலே வெக்காம தாண்டித் தாண்டி ரெண்டு பக்கமும் வாசிச்சிருக்கான். சுருதி சேக்கவே எல்லாரும் அஞ்சுலதான் கை வெப்பாங்க, இவன் எப்படிச் சேத்தான்?" அப்போதுதான் ஊதிச் சுருதி சேர்க்க நீ வைத்திருந்த அந்தச் சின்ன ஊதல் நினைவுக்கு வந்தது. விளையாட்டுச் சாமான் என்று நான் ஒரு தடவை தூக்கிப் போடப் பார்த்தேனே, அது. நவாஸ் பாய் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னார், "அஞ்சுல இருக்கற சுரம் ஒவ்வொண்ணையும் வேற எங்கெங்கயோ தேடிப் புடிச்சிருக்கான் மேடம். கழுத்து பூரா மனப்பாடமா தெரியாம இது நடக்காது. அல்லா கசம், சத்தியமா நம்மாலயே முடியாது."

அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தேன். அவர் டேப்பைப் பிய்க்கப் போனார். "வெக்காதீங்க கையை. நான் ஒட்டினது, நானே பிய்க்கறேன்" என்றேன். காய்ந்துபோயிருந்தது, துணுக்குத் துணுக்காக வந்தது. தேய்ந்த ஃப்ரெட் கம்பிகளை மாற்றவா, ஐந்தாவதை ராவி மற்றதோடு சமமாக்கவா என்று கேட்டார். "ஒண்ணும் பண்ணாதீங்க. கிதார் அவனோடது. அவனைக் கேட்டுத்தான் செய்யணும்" என்றேன். இந்த வாக்கியம் என் வாயிலிருந்து வந்தது உனக்கு நம்ப முடியாமல் இருக்கலாம். எனக்கே அப்படித்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்தேன். உங்கப்பா வழக்கம்போல் பேப்பருக்குப் பின்னால். "அவன் டேப்பைத் தாண்டி வாசிச்சது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். பேப்பர் இறங்கவில்லை. இருமல் வந்தது. அதே இருமல். பத்து வருடமாகக் காணாமல் போயிருந்த அந்தச் சாயங்கால இருமல். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேப்பரைப் பிடுங்கினேன். மனிதர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிஞ்சு நாலு மணிக்கு நான் வீட்டுக்கு வந்தா பையன் வாசிச்சிட்டு இருப்பான். கழுத்து பூரா ஓடுவான். நான் அப்படியே உக்காந்து கேப்பேன். ஏழு மணிக்குக் கேட் கிட்ட உன் செருப்புச் சத்தம் கேட்டா இருமுவேன். அவன் கீழ இறங்கி நாலு கட்டத்துக்கு வந்துருவான்." நாலு வருடம்! நாலு வருடம் தூதுவளை ரசம்! "ரசம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் நின்றேன். அழுகைதான் வந்தது. என் வீட்டில் இரண்டு பேர் எனக்குத் தெரியாமல் ஒரு சந்தோஷத்தை வைத்திருந்தார்கள். என் செருப்புச் சத்தம் கேட்டால் அதை ஒளித்து வைத்தார்கள்.

"அன்னைக்கு ஹால்ல ஏங்க நீங்க வாயைத் திறக்கல?" என்று கேட்டேன். "நீ எழுந்து நின்னு சொல்லிட்ட. நான் என்ன சொல்றது? மறுநாள் அவன்கிட்ட கேட்டேன், ஏண்டா வாசிக்கலன்னு. 'அம்மா அத்தனை பேர் முன்னாடி தெரியாதுன்னு சொல்லிட்டாங்கப்பா. நான் வாசிச்சா அவங்க பொய் சொன்ன மாதிரி ஆயிருமே'ன்னான்" என்றார்.

மகனே, அந்த ஹாலில் நான் உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து எழுந்தேன். நீ என்னைக் காப்பாற்றிவிட்டு உட்கார்ந்தாய். பதினேழு வயதுப் பையன், சென்னை, மாஸ்டர், ஒரு வருடம், எல்லாவற்றையும் "தெரியாது சார்" என்கிற இரண்டு வார்த்தையில் எனக்காகக் கொடுத்துவிட்டாய். பத்து வருடம் வாயைத் திறக்கவில்லை. எனக்கு உன் மேல் கோபமும் வந்தது, மறைப்பானேன். ஏண்டா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று பல்லைக் கடித்தேன். அப்புறம் யோசித்தேன். அந்த நாலு வருடத்தில் ஒரு நாள் நீ சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? டேப்பை மூன்றாம் கட்டத்துக்கு இறக்கியிருப்பேன். அதுதான் உண்மை.

என்னை மன்னித்துவிடு. உன் சாமுவேல் மாஸ்டரிடமும் போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கேட்டுவிட்டேன். "டைப்ரைட்டர் இல்லதான் சார்" என்றேன். அவர் என் விரல் நுனியில் காய்ப்பு விழுந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "எத்தனாவது தாள்ல இருக்கீங்க மேடம்?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டாம் தாளில் இருக்கிறேன். காலை ஜெபம் முடிந்ததும் அரை மணி நேரம். அந்தத் தாளில் மாஸ்டர் கழுத்து முழுவதையும் வரைந்து, ஒரே டோவை நாலு இடத்தில் வட்டம் போட்டிருக்கிறார். அதில் ஓர் இடம் ஐந்தாம் கட்டம், மூன்றாம் தந்தி. அங்கிருந்துதான் நான் ஆரம்பிக்கிறேன். நாலு வருடம் நீ கால் வைக்காமல் தாண்டிப் போன இடத்தில் நான் தினமும் விரலை வைத்து அழுத்துகிறேன். அங்கே ஒரு குரல், பத்தாவது கட்டத்தில் தடித்த தந்தியில் வேறொரு குரல், மாஸ்டர் சொன்னது சரிதான். ஏறுவதற்குள் மூச்சு வாங்குகிறது, இறங்கும்போது வழி தெரியாமல் நடுவில் நின்றுவிடுகிறேன். பிழையை எண்ணுவதில்லை. எண்ண ஆரம்பித்தால் விடிந்துவிடும்.

ஆசிரியருக்குப் புத்திமதி வேண்டுமாம், அதையும் எழுதிவிடுகிறேன். நீ என் பிள்ளை, உனக்குள்ளும் ஒரு கறார் டீச்சர் இருக்கிறாள், இருக்காமல் எங்கே போவாள். ஷாலினி எதையாவது உன்னைப்போல் செய்யாமல் வேறு விதமாகச் செய்தால், அதுவும் ஒரு இடமாக இருக்கலாம் என்று விட்டுவிடு. நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்து அது "சரிப்பா" என்று சொன்னால் சந்தோஷப்பட்டுவிடாதே, பக்கத்தில் உட்கார்ந்து என்ன சரி என்று கேள். உன் வண்டிச் சத்தம் கேட்டு உன் வீட்டில் யாருக்கும் இருமல் வரக் கூடாது. வந்தால் ரசம் வைக்காதே, காரணத்தைத் தேடு. நாலு சொல்லச் சொன்னார்கள், எண்ணிக்கொள்ளட்டும், குறைந்தால் எனக்கென்ன.

கடைசியாக ஒன்று. ரிசப்ஷனில் என்னைப் பின்னால் எங்காவது உட்கார வைக்கிறேன் என்று ஷாலினி ரகசியமாகத் திட்டம் போட்டாள், அப்போது உனக்குக் கை வருமாம். நான் மாட்டேன் என்றுவிட்டேன். மாப்பிள்ளையின் அம்மா நான், முதல் வரிசையில்தான் உட்காருவேன். எழுந்து நிற்க மாட்டேன், யார் என்ன கேட்டாலும் பதில் சொல்ல மாட்டேன், இதைச் சபை முழுக்கப் படிக்கும்படியாக எழுதிக் கொடுக்கிறேன். நீ வாசி. எட்டாவது கட்டத்திலிருந்து ஆரம்பித்து அப்படியே மேலே போ. பிழை வந்தால் வரட்டும். நடுவில் உங்கப்பா இருமினால் அது நிஜ இருமலாகத்தான் இருக்கும், நீ கீழே இறங்கி வராதே.

அன்றைக்கு உன்னைக் கேட்கக் காத்திருக்கும்,
அம்மா